முகவீணை ஊதுகருவிதானே, அதற்கு ஏன் வீணை என்று பெயர்?

தெருக்கூத்தில் ஊதப்படும் முகவீணை ஒரு காலத்தில் நரம்புக்கருவியாக இருந்து பிறகு மாறியதா, இல்லையென்றால் வீணை என்ற பெயர் அதற்கு எப்படி ஒட்டியது என்று கேட்டிருக்கிறீர்கள். அது எந்தக் காலத்திலும் நரம்புக்கருவியாக இருந்ததில்லை. சுமார் ஓரடி நீளமுள்ள கூம்பு வடிவ மரக்குழலும், அதன் தலையில் செருகிய, ஊதும்போது அதிர்ந்து ஒலி எழுப்பும் நாணல் துண்டான சீவாளியும், விரல் துளைகளும் கொண்ட, நாகசுரத்தின் தம்பி என்று சொல்லத்தக்க துளைக்கருவி அது.

இதில் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். மதுரையில் பள்ளியில் படித்தபோது, இசைக்கருவிகளை வகைப்படுத்தும் கேள்வி ஒன்றுக்கு முகவீணையை யாழுக்குப் பக்கத்தில் எழுதி வைத்தேன். திருத்தியவரும் அதற்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட்டார். உசிலம்பட்டிப் பக்கத்தில் பிறந்த எனக்குக் கரகாட்டத்துடன் வரும் நையாண்டி மேளமும் அதன் நாயனமும் பழக்கமே தவிர, முகவீணையைக் கேட்கும் வாய்ப்பு இருந்ததில்லை. பல ஆண்டுகள் கழித்து வடமாவட்டக் கூத்துக் குழு ஒன்று மதுரைக்கு வந்தபோதுதான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

பெயரின் முதற்பகுதி எளிது. வடமொழியில் முகம் என்ற சொல் முகத்தையும் வாயையும் ஒருங்கே குறிக்கும். இன்றைய பேச்சில் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் நமக்குக் கண்ணும் மூக்கும்தான் நினைவுக்கு வருகின்றன என்றாலும், ஆறு கடலில் கலக்கும் இடத்தை முகத்துவாரம் என்றும் கழிமுகம் என்றும் சொல்லும்போது நாமும் வாய் என்ற பொருளில்தான் அதை ஆள்கிறோம். ஆகவே முகவீணை என்பது வாயால் இசைக்கப்படும் வீணை.

சிக்கல் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. தமிழில் வீணை என்பது நரம்புக்கருவியின் பெயராகவே வழங்கி வந்திருக்கிறது. மதுரைக்கு அருகிலுள்ள திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர் திருப்பள்ளியெழுச்சியில், இறைவனின் சந்நிதியில் நிற்பவர்களை வரிசைப்படுத்தும்போது வீணையரையும் யாழினரையும் தனித்தனியே சொல்கிறார்; இரண்டும் வேறு வேறு கருவிகள் என்ற தெளிவு அங்கே இருக்கிறது. எனவே ஊதுகருவிக்கு வீணை என்று பெயரிடும் துணிவு தமிழ் வழக்கிலிருந்து வந்திருக்க முடியாது என்பது என் கருத்து.

வடமொழி இசை நூல்களில் அந்தச் சொல்லின் எல்லை மிகவும் அகன்றது. வில் போல் வளைந்த பழைய யாழ் வகையும் அங்கே வீணைதான், ஒற்றைத் தந்தி கட்டிய கருவியும் வீணைதான். சாமவேத ஓதுமுறையோடு தொடர்புடைய நாரதீய சிட்சை இன்னும் ஒருபடி மேலே போய், தாரவீ வீணை, காத்திர வீணை என இரண்டு வீணைகளைச் சொல்கிறது. முன்னது மரத்தாலான வீணை. பின்னது மனித உடலாகிய வீணை. வேதம் ஓதுபவர் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுச் சுரங்களைக் குறிப்பதால், கையும் தொண்டையும் சேர்ந்து ஒரு கருவியாகிவிடுகின்றன. தந்தி எதுவும் கட்டாத உடலை வீணை என்று அழைக்கத் துணிந்த மரபுக்கு, சீவாளி வைத்த குழலை வாய்வீணை என்று அழைப்பதில் என்ன தயக்கம் இருக்கப்போகிறது? வீணை என்பது அங்கே சுரங்களைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும் கருவி என்ற பொதுப்பொருளைப் பெற்றுவிட்டது.

இதோடு கருவியின் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாகசுரம் தவிலோடு சேர்ந்து பெரிய மேளமாகக் கோயில் வீதியில் தானே தலைமை தாங்கும். முகவீணையோ சின்ன மேளம் எனப்பட்ட சதிரில் (பரதநாட்டியத்தின் பழைய வடிவம்) பாடுபவரின் குரலைப் பின்தொடர்ந்தது. கூத்தில் இன்றும் அதையே செய்கிறது. கர்நாடகத்தின் மூடலபாய யட்சகானம் என்ற நாட்டார் நாடகத்திலும் அதற்கு இடம் உண்டு. குரலின் நிழலாக நடப்பது வீணைக்கு உரிய மரியாதையான பணி என்பதால், பெயரும் அதற்குப் பொருந்தி நிலைத்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் பார்த்த கூத்துக் குழுவில் அதை ஊதிய பெரியவரிடம் பெயரைப் பற்றிக் கேட்டபோது, அவர் சொற்பிறப்புக்கெல்லாம் போகவில்லை. "மொகவீணை தம்பி. பாட்டுக்காரர் வாய் எங்க போகுதோ, இதுவும் அங்க போகும்" என்றார். எனக்கு அது போதுமானதாகவே இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், 19-ஆம் நூற்றாண்டில் சதிர்க் கச்சேரியிலிருந்து முகவீணையை வெளியேற்றிய கிளாரினெட்டும் இரவல் பெயரோடுதான் வந்தது. 1700-ஐ ஒட்டி ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் டென்னர் என்ற கைவினைஞர் அதை உருவாக்கினார். டிரம்பெட்டின் உச்சநிலை வாசிப்புக்கு வழங்கிய கிளாரினோ என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து, சின்னக் கிளாரினோ என்ற பொருளில் அதன் பெயர் பிறந்தது. 1732-இல் வெளிவந்த வால்ட்டரின் இசை அகராதி, தூரத்திலிருந்து கேட்டால் அது டிரம்பெட்டைப் போலவே ஒலிக்கிறது என்று எழுதுகிறது. புதிதாக வந்த குழல், ஏற்கெனவே மதிப்புப் பெற்ற வேறொரு கருவியின் பெயரைச் சூட்டிக்கொள்வது நம் ஊர் வழக்கம் மட்டுமன்று.

உங்கள் மகளின் பாடக்குறிப்பில் அது நரம்புக்கருவி என்று எழுதப்பட்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதை அடித்துத் துளைக்கருவி என்று எழுதச் சொல்லுங்கள்; மதிப்பெண் குறைந்தால், சீவாளி எங்கே இருக்கிறது என்று படத்தைக் காட்டிக் கேட்கலாம்.