பானைக்குள் பெயர்ச்சீட்டு

கேள்வி: காதலர் தினத்தின் ஆதிமூலம் ரோமாபுரியின் லூபர்கேலியா திருவிழாவாம். கன்னிப்பெண்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிப் பானையில் போடுவார்களாம். யார் பெயரை எடுக்கிறானோ அவளோடு அந்த இளைஞன் வருடம் முழுக்கச் சுற்றலாமாம். இந்த ஆபாசத்தைத் திருச்சபை ஒரு புனிதரின் பெயரைச் சூட்டி மறைத்துவிட்டதாம். நம் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டாமா?

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள், பானையை மட்டும் விட்டுவிடுங்கள். அப்படி ஒரு பானை இருந்ததாக அந்தக் காலத்து ரோமானியர் எவரும் எழுதி வைக்கவில்லை.

விழா நடந்தது உண்மை. நாள் பிப்ரவரி 15. இடம், கதைப்படி ரோமாபுரியை நிறுவிய ரோமுலசுக்கும் அவன் சகோதரன் ரேமசுக்கும் ஓநாய் பாலூட்டியதாகச் சொல்லப்படும் பாலடைன் குன்றுக் குகை. ஆடுகளையும் ஒரு நாயையும் பலி கொடுப்பார்கள். இரண்டு இளைஞர்களின் நெற்றியில் ரத்தம் தோய்ந்த கத்தியை ஒற்றி, பாலில் நனைத்த கம்பளியால் துடைத்துவிடுவார்கள். துடைத்ததும் இருவரும் சிரிக்க வேண்டும். (ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.) அப்புறம் ஆட்டுத்தோலை வார் வாராகக் கிழித்துக்கொண்டு, அரைகுறை ஆடையோடு ஓடி, எதிர்ப்பட்டவர்களை அடிப்பார்கள். பெண்கள் தாங்களாகவே வந்து கையை நீட்டுவார்கள். அடி பட்டால் பிள்ளை இல்லாதவளுக்குப் பிள்ளை பிறக்கும், கர்ப்பிணிக்குச் சுகப்பிரசவம் ஆகும் என்று நம்பிக்கை. கி.மு. 44-இல் சீசருக்கு மார்க் ஆண்டனி கிரீடம் நீட்டியது இந்த ஓட்டத்தின்போதுதான். சரி, பிள்ளை வரம் இருக்கிறது, அரசியல்கூட இருக்கிறது. காதல் எங்கே?

5-ஆம் நூற்றாண்டின் கடைசியில் போப் ஜெலாசியுஸ் இந்த விழாவைக் கண்டித்து எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. அது அவ்வளவு நல்லது என்றால் கூலி ஆட்களை ஓடவிடாமல் முன்னோரைப் போல நீங்களே அம்மணமாக ஓடுங்களேன் என்று ரோமாபுரிப் பெரிய மனிதர்களைச் சீண்டுகிறார். அதில் பானையும் இல்லை, நீங்கள் சொல்லும் புனிதர் வாலண்டைனும் இல்லை.

பானை வந்தது இங்கிலாந்திலிருந்து. சீட்டுப் போட்டு 'வாலண்டைன்', அதாவது அந்த நாளுக்கான ஜோடியை, எடுப்பது அங்கே 17-ஆம் நூற்றாண்டு விளையாட்டு. அந்தக் காலத்து லண்டன் அதிகாரி சாமுவேல் பெப்பிஸின் நாட்குறிப்பில் அது வருகிறது. 18-ஆம் நூற்றாண்டில் புனிதர்களின் வரலாறு எழுதிய ஆல்பன் பட்லர் என்ற ஆங்கிலப் பாதிரியார், தன் ஊர் வழக்கத்தைத் தூக்கிக்கொண்டுபோய் ரோமாபுரியில் வைத்தார். உங்களுக்கு வந்தது அந்தச் சரக்குதான்.

வாலண்டைன் காதலுக்கு வந்து சேர்ந்தது பறவைகளால். 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய கவிதையில், வாலண்டைன் திருநாளன்று பறவைகள் கூடி ஜோடி தேர்ந்தெடுக்கின்றன. புனிதரையும் காதலையும் முடிச்சுப்போடும் எழுத்துகளில் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையவற்றுள் இது ஒன்று. லூபர்கேலியா நின்றுபோய் அதற்குள் ஏறக்குறைய 900 வருடம்.

திருச்சபை மறைத்தது என்கிறீர்கள். 1969-இல் அதே திருச்சபைதான் பிப்ரவரி 14-ஐத் தன் பொது நாட்காட்டியில் வாலண்டைனிடமிருந்து எடுத்துவிட்டது. காரணம், ரோமில் ஃபிளமினியா சாலையில் அவரைப் புதைத்தார்கள் என்பதைத் தாண்டி உறுதியாக எதுவும் தெரியாதாம். மறைக்கிறவர்கள் பேசுகிற பேச்சா இது?