மாருதி 800-இல் கோன் ஃபில்டர் போட்டபின் ஐடில் நிற்காதது ஏன்?

கோன் ஃபில்டர் (கூம்பு வடிவக் காற்று வடிகட்டி) போட்ட கார்ப்பரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பாகம்) மாருதி 800 சிக்னலில் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது, உதறி அணைகிறது, கார்ப்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்பியும் பயனில்லை என்கிறீர்கள். ஸ்க்ரூவை இப்போதைக்கு விடுங்கள். பழைய ஃபில்டர் பெட்டியைக் கழற்றுகிறவர்கள் அதிலிருந்த ஹோஸ்களை (ரப்பர் குழாய்களை) திறந்தபடியே விட்டுவிடுவார்கள். மேனிஃபோல்டிலிருந்து (கலவையை இன்ஜினுக்குள் கொண்டுபோகும் குழாய்) வரும் ஹோஸ் அதில் ஒன்றாக இருந்தால் அதன் வழியே கள்ளக்காற்று புகுந்து கலவை மெலியும், அதாவது பெட்ரோலுக்குக் காற்று அதிகமாகிவிடும். இன்ஜின் ஓடும்போது ஒவ்வொன்றாக விரலால் அடைத்துப் பாருங்கள். ஓட்டம் மாறினால் காற்று புகும் ஹோஸ் அதுதான். கார்ப்பரேட்டரின் அடி கேஸ்கெட்டிலும் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகடு) காற்று புகுகிறதா பாருங்கள். மூன்று சிலிண்டர் வண்டி, லேசான நடுக்கம் கூடப்பிறந்தது.

அப்புறம் டியூனிங். இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும். மிக்சர் ஸ்க்ரூவை (கலவையைக் கூட்டிக் குறைப்பது) வேகம் உச்சம் தொடும் இடத்தில் நிறுத்தி, ஐடில் ஸ்க்ரூவால் (ஐடில் வேகத்தை மாற்றுவது) 900 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) பக்கம் இறக்குங்கள். மிக்சரை முழுக்க மூடியும் இன்ஜின் ஓடுகிறதா? ஐடில் ஜெட் (ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை) அடைத்திருக்கலாம். அதை மறைக்க, காற்றுவழியைத் திறக்கும் த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்துவைத்து யாரோ சமாளித்திருக்கிறார்கள். ஜெட்டைக் கழற்றிக் காற்றடியுங்கள். கம்பி மட்டும் விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.