சல்லடை: கல் நிறைந்த மலைச்சரிவில் புல் எப்படி வளர்கிறது?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து லோகன் நகரில் படிக்கிறாள். மலையில் நடக்கப் போன இடத்தில், பாதைக்காக வெட்டிய சரிவைப் படம் எடுத்து அனுப்பினாள். மண்ணைவிடக் கல்தான் அதிகம். ஆனால் மேலே முழங்கால் உயரத்துக்குப் புல், தூரத்தில் மாடுகள். இதையும் மண் என்பார்களா? இதில் எப்படிப் புல் வருகிறது? – வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: படத்தையும் சேர்த்து அனுப்பினீர்களே அம்மா, அதற்கு முதலில் நன்றி. 31 வருடம் மண் பரிசோதனைக் கூடத்தில் சல்லடையோடு குடித்தனம் நடத்தியவன் நான். இப்படி ஒரு வெட்டுமுகத்தை நேரில் பார்த்ததில்லை. கொஞ்சம் பொறாமையோடுதான் எழுதுகிறேன்.

மண்தான், சந்தேகமே வேண்டாம். எங்கள் தொழிலில் முதல் வேலை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிப்பது. கீழே விழுவது மண், மேலே நிற்பது கல். அமெரிக்க மண்ணியலாளர்கள் அந்தக் கல்லையும் அளவு பார்த்துப் பிரிப்பார்கள்: 75 மில்லிமீட்டர் வரை சரளை, 250 வரை உருட்டுக்கல், 600 வரை பெருங்கல், அதையும் தாண்டினால் பாறாங்கல். மொத்தக் கன அளவில் 35 விழுக்காடோ அதற்கு மேலோ கல்லாக இருந்தால் அந்த மண்ணுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரை 'எலும்புக்கூட்டு மண்' என்று தமிழில் சொல்லலாம். எலும்பு நிறைய, சதை குறைவு. உங்கள் மகள் அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் பேனாவை வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி. பல கற்கள் பேனாவைவிட நீளம், நீங்கள் சொன்னபடி மண்ணைவிடக் கல்தான் அதிகம். எலும்புக்கூடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

கற்களின் ஓரத்தைப் பாருங்கள், கூராக இருக்கின்றன. ஆறு கொண்டுவந்த கல் என்றால் மழமழவென்று உருண்டிருக்கும். இவை மேலே பாறை இடுக்கில் நீர் உறைந்து, பாறை பிளந்து, சரிவில் மண்ணோடு மண்ணாக நகர்ந்து வந்தவை. அதனால்தான் அடுக்கு எதுவும் தெரியாமல் கலந்து கிடக்கின்றன.

மேலே ஒரு சாண் ஆழத்துக்கு மண் கறுப்பாக இருக்கிறதே, அது புல்லின் கைங்கரியம். ஆண்டுதோறும் வேர்கள் செத்து மக்குகின்றன. மக்கு சேர்வதற்கு இருக்கும் மண்ணோ கற்களுக்கு நடுவில் கொஞ்சம்தான். ஒரு கரண்டி நெய்யைத் தட்டு நிறையச் சோற்றில் விட்டால் ஒரு ருசி, கைப்பிடிச் சோற்றில் விட்டால் வேறு ருசி. கல்லிடுக்கு மண்ணில் வேர் மொய்ப்பது அதனால்தான்.

அடுத்தது நீர். பாடப்புத்தகம் படித்தவர்கள்கூட இதில் பாதியோடு நின்றுவிடுவார்கள். நல்ல வண்டல் கலந்த மண் அரை மீட்டர் ஆழத்தில், செடி உறிஞ்சக்கூடிய நீராக ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் பிடித்து வைக்கும். அதில் பாதி கல்லானால் 4 சென்டிமீட்டர்தான். நஷ்டம் என்று எழுதி மூடிவிடலாம். ஆனால் கல் நீர் குடிப்பதில்லை. மேலே விழுந்த நீரைக் குடிக்க மண் பாதிதான் இருப்பதால் அதே நீர் இரண்டு மடங்கு ஆழத்துக்கு இறங்குகிறது. ஆழத்தில் இருக்கும் நீரை வெயிலால் எளிதில் எடுக்க முடியாது, வேரால் முடியும். லோகன் பக்கத்தில் ஈரம் பெரும்பாலும் குளிர்காலப் பனியாக விழுந்து வசந்தத்தில் மெதுவாக உருகுகிறது. கோடையில் மழை சொற்பம். இப்படி ஒரு வானத்துக்குக் கல் மண் மோசமான கூட்டாளி இல்லை. நம் மாசிப்பத்திரிக்கு உறவான ஒரு சாம்பல் நிறப் புதர் அங்கே சரிவெல்லாம் நிற்கும். அதுவும் கொத்துக்கொத்தாக வளரும் புற்களும் வேரை ஆழ விடுகிறவை.

தரையின் மேல் கிடக்கும் கல்லுக்குத் தனிக் கதை. தளர்வாகக் கிடந்தால் அது குடை: மழைத்துளி மண்ணை அடிக்காது, நீர் கல்லுக்கு அடியில் புகுந்து இறங்கும், ஈரம் ஆவியாவதும் குறையும். அதே கல் மண்ணின் மேலோட்டில் இறுகப் பதிந்திருந்தால் சிமெண்டுத் தரை மாதிரி நீரை வழியவிட்டுவிடும். மகளைக் காலால் லேசாகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், ஆடுகிறதா என்று.

இன்னொரு வேலையும் அவளுக்கு உண்டு. வெட்டுமுகத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு கல்லைப் புரட்டச் சொல்லுங்கள். (முதலில் குச்சியால் தட்டட்டும், அங்கே கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு.) அடிப்பக்கத்தில் வெள்ளைப் பூச்சு இருந்தால் ஒரு சொட்டு வினிகர் விடலாம். நுரைத்தால் சுண்ணாம்பு. அந்த மலைத்தொடரில் சுண்ணாம்புப் பாறை நிறைய. மேல்மண்ணிலிருந்து கரைந்து இறங்கும் சுண்ணாம்பு, கல்லின் அடியில் தொங்கும் நீர் காயும்போது அங்கேயே படிகிறது. சிங்கப்பூரில் இதைத் தேடாதீர்கள். வருடத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊரில் சுண்ணாம்பு எங்கே நிற்கும்?

மாடுகள் தூரத்தில், சமதளத்தில் நிற்பதையும் கவனித்தேன். சரிவில் புல் இருந்தாலும் மாடு ஏறாது. கல்லில் குளம்பு வலிக்கும், குடிக்க நீரும் கீழேதான். மேய்ச்சல் நிலத்தை மதிப்பிடும்போது வழக்கமாகப் போடும் கணக்கு ஒன்று உண்டு. நூறு மீட்டர் தூரத்துக்கு 31 முதல் 60 மீட்டர் வரை ஏறும் சரிவு என்றால் புல்லில் 60 விழுக்காட்டைக் கழித்துவிட வேண்டும். ஏற்றம் 60 மீட்டரைத் தாண்டினால் மாட்டுக்கு அந்த இடம் கணக்கிலேயே இல்லை. ஆகவே சரிவில் முழங்கால் உயரப் புல்லைப் பார்த்ததும் இன்னும் நாலு மாடு விடலாம் என்று கிளம்பினால், சமதளம்தான் மொட்டையாகும்.

கேள்வி: வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் கறிவேப்பிலைத் தொட்டி. நீர் வடிய அடியில் கல் போடச் சொல்கிறார்களே, போடலாமா? – வாசகர், அங் மோ கியோ

பதில்: வேண்டாம். மண்ணின் நுண்துளையிலிருந்து கல்லிடுக்கின் பெருந்துளைக்கு நீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க நனைந்த பிறகுதான் சொட்டும். ஆக, சொதசொதவென்ற மண் வேருக்கு இன்னும் கிட்டே வந்துவிடும். சரளையை மண்ணோடு கலந்தால் அது வேறு விஷயம், ஈசூன் அம்மாவுக்குச் சொன்ன மாதிரி. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருக்கிறீர்களா? கொசுச் சோதனைக்காரர்கள் கதவைத் தட்டுவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: துவாஸில் வேலை செய்கிறேன். ஊரில், காங்கேயம் பக்கம், 3 ஏக்கர் கொரங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) இருக்கிறது. கல்லைப் பொறுக்கிவிட்டு உழலாம் என்கிறார் அண்ணன். ஒரு வாளி மண்ணைச் சலித்துப் பார்த்தார், 10 கிலோவில் 5 கிலோ கல். பாதி நிலம் கல்லா சார்? – வாசகர், துவாஸ்

பதில்: பாதி இல்லை தம்பி, மூன்றில் ஒரு பங்கு. எடைதான் ஏமாற்றுகிறது. ஒரு லிட்டர் கல் 2.65 கிலோ இருக்கும். நிலத்தில் கிடக்கிற நிலையில் ஒரு லிட்டர் மண் 1.3 கிலோ அளவுதான். அந்த 5 கிலோ கல் 1.9 லிட்டர், 5 கிலோ மண் 3.8 லிட்டர். வேர் எடையைப் பார்ப்பதில்லை, இடத்தைத்தான் பார்க்கிறது. அண்ணனுக்கு இந்தக் கணக்கு சலிப்பாக இருந்தால், வாளியில் விளிம்புவரை நீர் ஊற்றிக் கல்லைப் போட்டு, வழிந்த நீரை அளக்கச் சொல்லுங்கள்.

பொறுக்கலாமா என்று கேட்டால், என் வாக்கு வேண்டாம் என்பதற்குத்தான். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல் மரமும் கிளுவை வேலியுமாக உங்கள் பாட்டன்மார் அந்த நிலத்தை மேய்ச்சலுக்கு விட்டது சோம்பேறித்தனத்தால் அல்ல. வறண்ட சரளை மண்ணுக்கு அதுதான் சரிப்பட்டு வந்தது. மேலே கிடக்கும் சிறு கல்லை வாரிவிட்டால் அடுத்த பெருமழையில் மண் போகும், அப்புறம் அடியிலிருந்து இன்னும் கல் தலைகாட்டும். காலை இடறும் பெருங்கல்லை மட்டும் எடுத்துச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக அடுக்குங்கள். உழவு பற்றி அண்ணனோடு நீங்களே பேசிக்கொள்ளுங்கள், எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

கேள்வி: புக்கிட் தீமாவும் கல்மலைதானே? அங்கே ஏன் கல் தெரியவில்லை? – மாணவர், புக்கிட் பாஞ்சாங்

பதில்: கல்தான், கருங்கல். 163 மீட்டர் உயரம். ஆனால் நம் வெப்பமும் மழையும் சேர்ந்து அந்தக் கருங்கல்லைப் பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாக மக்க வைத்துவிட்டன. லோகன் மலையில் பனி பாறையை உடைத்துக் கல்லாக்குகிறது, இங்கே மழை பாறையைக் கரைத்துக் களிமண்ணாக்குகிறது. ஆனால் எல்லாப் பாறையும் ஒரே வேகத்தில் மக்குவதில்லை. மக்காத உருண்டைகள் மண்ணுக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

அதில் நானே மாட்டியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், அந்த வட்டாரத்தில் ஒரு துளையிடும் பணி. 11 மீட்டரில் துளைக்கருவி டங்கென்று நின்றது. பதிவேட்டில் 'பாறை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். மறுநாள் ஐந்து மீட்டர் தள்ளி அடுத்த துளை. 26 மீட்டர் வரை வெறும் மண். எங்கள் மூத்த பொறியாளர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீ பாறையைக் கண்டுபிடிக்கலே. ஒரு உருண்டைக் கல்லோட உச்சந்தலையைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணிட்டு வந்திருக்கே." முதல் துளையைத் திரும்பவும் போட வேண்டியதாயிற்று. அந்த மாதம் மொத்தக் குழுவுக்கும் கோப்பிச் செலவு என்னுடையது.