உங்கள் ஃபேஜின் எந்த மரபணு எப்போது விழிக்கிறது?

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். காலாங் ஆற்று நீரிலிருந்து கிளெப்சியெல்லா பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் (பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ்) ஒன்றைப் பிரித்தெடுத்தோம். அதன் டிஎன்ஏ வரிசை கையில் இருக்கிறது. எந்த மரபணு எப்போது, எங்கிருந்து ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகிறது என்று அறிய, ஒரே ஆர்என்ஏ மாதிரியை மிக ஆழமாக வரிசைப்படுத்தினால் போதுமா?

பதில்: போதாது. அந்தப் பணத்தைப் பல நேரங்களில் எடுத்த மாதிரிகளுக்குச் செலவிடுங்கள். ஃபேஜ் மரபணுக்கள் முந்தியவை, இடைப்பட்டவை, பிந்தியவை என்று முறை வைத்து இயங்குகின்றன. ஒரே மாதிரியில் அந்த வரிசை தெரியவே தெரியாது.

முதலில், தொற்றியதிலிருந்து பாக்டீரியா வெடிக்க எவ்வளவு நேரமாகிறது என்று உங்கள் ஆய்வகத்திலேயே அளந்துவிடுங்கள். 30 நிமிடம் என்றால் 3, 10, 20ஆவது நிமிடங்களிலும், தொற்றாத பாக்டீரியாவிலும் மாதிரி எடுக்கலாம். எல்லாச் செல்லும் ஒரே சமயத்தில் தொற்றுவதுதான் இதில் உயிர்நாடி. செல்லுக்கு ஒரு ஃபேஜ் கணக்கில் சேர்த்தால் சுமார் 37 சதவீதச் செல்கள் தொற்றாமல் தப்பிவிடும். ஐந்து சேர்த்தால் 1 சதவீதம்கூடத் தப்பாது. மாதிரி எடுத்த கணமே குளிர்ந்த ஃபீனால்-எத்தனால் கலவையில் ஊற்றிவிடுங்கள். பாக்டீரிய ஆர்என்ஏ பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே சிதைந்துபோகும்.

அப்புறம், செல்லின் ஆர்என்ஏவில் பெரும்பகுதியாக இருக்கும் ரைபோசோம் ஆர்என்ஏவைக் கட்டாயம் நீக்க வேண்டும். பாலி-ஏ வால் பிடித்துப் பிரிக்கும் கிட் இங்கே உதவாது; பாக்டீரிய, ஃபேஜ் ஆர்என்ஏவில் பொதுவாக அந்த நீண்ட வால் இருக்காது. டிஎன்ஏவின் எந்த இழையிலிருந்து வந்த ஆர்என்ஏ என்று காட்டும் முறையையே கேட்டு வாங்குங்கள்.

படியெடுத்தலின் தொடக்கப் புள்ளியைக் கண்டுபிடிப்பது வேறு விஷயம். சாதாரண ஆர்என்ஏ வரிசைப்படுத்தலில், உடைந்த துண்டின் முனையும் உண்மையான தொடக்கம்போலவே தெரியும். புதிதாகப் படியெடுத்த ஆர்என்ஏவின் 5' முனையில் மூன்று பாஸ்பேட் இருக்கும். வெட்டுண்டவற்றில் பெரும்பாலும் ஒன்றுதான். ஒற்றைப் பாஸ்பேட் உள்ளதை மட்டும் தின்னும் எக்ஸோநியூக்ளியேஸ் நொதியை மாதிரியின் ஒரு பாதியில் சேர்த்து, மறு பாதியோடு ஒப்பிடுங்கள். நொதி சேர்த்த பாதியில் ஓங்கி நிற்கும் முனைகளே நமக்கு வேண்டியவை.

டி7 ஃபேஜ் தன் பிந்திய மரபணுக்களுக்குச் சொந்த ஆர்என்ஏ பாலிமரேஸ் (படியெடுக்கும் நொதி) வைத்திருக்கிறது. டி4 கடைசிவரை பாக்டீரியாவின் பாலிமரேஸையே மாற்றியமைத்து வேலை வாங்குகிறது. உங்களுடையது எந்த வகை? முந்திய மரபணுக்கள் இயங்கிய பிறகு, பாக்டீரியாவின் பாலிமரேஸை முடக்கும் ரிஃபாம்பிசின் மருந்தைச் சேர்த்துப் பாருங்கள். அதன் பிறகும் பிந்தியவற்றின் ஆர்என்ஏ ஏறினால், சொந்தப் பாலிமரேஸ் இருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் கிளெப்சியெல்லாவுக்குள் இந்த மருந்து எளிதில் புகாது. எந்த அளவில் பாக்டீரியாவின் வளர்ச்சி முழுதாக நிற்கிறது என்பதை ஃபேஜ் இல்லாமல் முன்பே சோதித்துக்கொள்ளுங்கள்.