முன்பணத்துக்கு முன்னால்

கேள்வி: வெளிநாட்டுக் கடற்கரையில் திருமணம் செய்ய ஆசை. விடுதிக்கு முன்பணம் கட்டிவிடலாமா?

பதில்: பொறுங்கள் மகளே! அங்கே சட்டப்படி பதிவு செய்ய முடியுமா என்று முதலில் அந்த நாட்டுத் தூதரகத்தில் கேளுங்கள். பிரான்சில் மணமக்களில் ஒருவரோ அவர்களின் பெற்றோரில் ஒருவரோ திருமணம் நடக்கும் ஊரில் குறைந்தது ஒரு மாதமாவது வசித்திருக்க வேண்டும். விருந்தாளியாகப் போய் இறங்கியதும் அங்கே பதிவு செய்துகொள்ள முடியாது. பதிவைச் சொந்த நாட்டில் முடித்துவிட்டுச் சடங்கை மட்டும் அங்கே நடத்துவதே என் விருப்பம். பாதி அலைச்சல் குறையும். அங்கேயே பதிவென்றால், 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இரு நாடுகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று அதை வழங்கிய நாடே தரும் சான்று, பெரும்பாலும் போதும். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் பயணத்துக்குப் பின் ஆறு மாதம் செல்லுபடியாகட்டும். பாட்டியால் அவ்வளவு தூரம் பறக்க முடியுமா? இன்றே அவரிடம் கேளுங்கள்.