குமிழ் நின்றால் போதுமா?

கேள்வி: ஐப்பசியில் போட்ட 10 லிட்டர் திராட்சை ஒயினில், மார்கழி பிறந்ததும் குமிழ் அடங்கிவிட்டது. பாட்டிலில் அடைத்து சேலத்திலிருக்கும் அக்கா வீட்டுக்கு அனுப்பலாமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: வேண்டாம். முதலில் சட்டம்: உரிமம் இல்லாமல் ஒயின் செய்வது தமிழ்நாட்டில் குற்றம். 1937இல் மதுவிலக்கு முதன்முதலாக வந்ததே சேலம் மாவட்டத்தில்தான்!

இனி ஒயினுக்கு வருவோம். ஏற்காட்டுக் குளிரில் சர்க்கரை மிச்சமிருக்கும்போதே, அதைச் சாராயமாக்கும் ஈஸ்ட் தூங்கிவிடும். அப்படியே மூடி மலையிறக்கினால், சேலத்து வெயிலில் அது விழித்துக்கொள்ளும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை புளித்தாலே பாட்டிலுக்குள் சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம் ஏறும். 20 கிராம் என்றால் ஐந்து. ஷாம்பெயின் பாட்டில் தாங்கும், சாதாரண பாட்டில் வெடிக்கும்.

ஜாடியை 22-25 டிகிரி உள்ள அறையில் ஒரு வாரம் வையுங்கள். பிறகு கொஞ்சம் எடுத்து, பாட்டிலில் பாதி ஊற்றி, வாயைக் கட்டைவிரலால் பொத்திக் குலுக்குங்கள். விரலை எடுத்ததும் 'புஸ்' என்றால் வாயு இருக்கிறது. அது அடங்கும்வரை குலுக்கிவிட்டுத்தான் ஹைட்ரோமீட்டரை (அடர்த்தி பார்க்கும் மிதவைக் கருவி; தண்ணீரில் 1.000 காட்டும், சர்க்கரை இருந்தால் கூடும்) மிதக்கவிட வேண்டும். ஒட்டும் குமிழ்கள் அதைத் தூக்கி, அளவைக் கூட்டிக் காட்டும். 20 டிகிரிக்கான கருவியை 30 டிகிரியில் பார்த்தால் 0.002-0.003 குறைத்துக் காட்டும், சேர்த்துக்கொள்ளுங்கள். 0.990-0.996க்குள் வந்து, மூன்று நாளைக்கு ஒருமுறையாக மூன்று தடவையும் அதே அளவு நின்றால் நொதித்தல் முடிந்தது.

கிலோ பழத்துக்கு அரைக் கிலோ சர்க்கரை கொட்டியிருந்தால் 1.020லேயே நிற்கலாம். இந்த இனிப்பு ஒயின்தான் ஆபத்தானது. தெளிந்த பிறகு 10 லிட்டருக்கு 2 கிராம் பொட்டாசியம் சோர்பேட், 1 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் என்ற பதப்படுத்தும் உப்புகள் இரண்டையும் சேருங்கள். சோர்பேட் ஈஸ்டைக் கொல்லாது, பெருகவிடாது, அவ்வளவுதான். அதை மட்டும் போட்டால் பாக்டீரியா புகுந்து ஜெரேனியம் இலையைக் கசக்கிய நாற்றம் வரும்.

அடுத்தது வண்டல். மேல்தெளிவை ட்யூபால் வேறு ஜாடிக்கு, வாய்வரை நிரம்பும்படி, இறக்குங்கள். ஒரு மாதம் கழித்தும் அடியில் புதுப் படிவு இல்லையென்றால் அடைக்கலாம்.

கேள்வி: ஆரஞ்சு ஒயின் நான்கு மாதமாகியும் கலங்கலாகவே இருக்கிறதே?
- வாசகர், சேலம்

பதில்: பழத்தைக் கொதிக்க வைத்தீர்களா? அப்படியானால் அது பெக்டின், பழத்திலுள்ள கூழ்ப்பொருள். எத்தனை மாதம் வைத்தாலும் தானாகத் தெளியாது. அதைச் சிதைக்கும் பெக்டினேஸ் என்சைம் போடுங்கள். சாராயம் ஏறிய பிறகு என்சைமின் வேகம் குறைவு என்பதால், அடுத்த முறை ஈஸ்டுக்கு முன்பே, ஆறிய சாற்றில் போடுவது நல்லது.