பின் டயரை 190 ஆக்கினால் பிடிமானம் கூடுமா?

கேள்வி: என் டூரிங் மோட்டார் சைக்கிளின் பின் டயர் 11,000 கிலோமீட்டரிலேயே நடுவில் தட்டையாகிவிட்டது. நானும் மனைவியும் மூன்று பெட்டிகளோடு நெடுஞ்சாலையில்தான் பெரும்பாலும் செல்கிறோம். இருக்கும் 180/55-17க்குப் பதிலாக 190/50-17 போட்டால் பிடிமானம் கூடும் என்றும், முன் டயரை மாற்ற வேண்டியதில்லை என்றும் டயர் விற்பவர் கூறுகிறார். நல்ல தள்ளுபடியும் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: 190 வேண்டாம். தரையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை வண்டியின் எடையும் டயரின் காற்றழுத்தமும்தான். பக்கச்சுவரில் பெரிய எண் இருப்பதால் மட்டும் பிடிமானம் கூடிவிடாது. 180/55 என்றால் 180 மில்லிமீட்டர் அகலம், அதில் 55 விழுக்காடு பக்கச்சுவரின் உயரம், அதாவது 99 மில்லிமீட்டர். 190/50 என்றால் 95 மில்லிமீட்டர். ஆகவே வண்டியின் பின்பகுதி 4 மில்லிமீட்டர் தாழும், டயரின் சுற்றளவும் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறையும். பின்பகுதி தாழ்ந்த வண்டி வளைவில் திரும்பச் சுணங்கும். முன், பின் சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டு இயங்கும் ஏபிஎஸ், இழுவைக் கட்டுப்பாடு போன்ற கருவிகள் எந்த அளவுக்கென்று அமைக்கப்பட்டனவோ, அந்த அளவும் மாறிவிடுகிறது. கையேட்டில் அச்சிட்டுள்ள அளவையே வாங்குங்கள்.

டயர் நடுவில் தட்டையானதற்குக் காரணம் அதன் அகலக் குறைவு அன்று; நேர்ச்சாலையில் நிமிர்ந்தபடி சுமையோடு ஓடும் வண்டி நடுப்பகுதியை மட்டுமே தேய்க்கிறது. எனவே நடுவில் கடினமான ரப்பரும் ஓரங்களில் மென்மையான ரப்பரும் கொண்ட, இரட்டைக் கலவை எனப்படும் ஸ்போர்ட் டூரிங் ரேடியல் டயரே உங்களுக்கு ஏற்றது. பந்தயத் தடத்துக்கான மென்மையான டயர் சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். நெடுஞ்சாலையில் அது விரைவில் தேய்ந்தும் போகும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, கடைகளில் எவரும் காட்டித் தராத சுமைக் குறியீடு. அளவுக்குப் பக்கத்தில் 73 டபிள்யூ என்று இருந்தால், 73 என்பது அந்த டயர் தாங்கும் 365 கிலோவையும், டபிள்யூ என்பது மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தையும் குறிக்கின்றன. கையேடு கேட்பதைவிடக் குறைந்த எண் கூடாது. இருவரும் மூன்று பெட்டிகளுமாகச் செல்லும் உங்களைப் போன்றவர்களுக்காகவே, சில நிறுவனங்கள் உள்கட்டமைப்பை வலுவாக்கி, பெயருக்குப் பின்னால் ஜி.டி. என்று சேர்த்த பதிப்பைச் செய்கின்றன. அந்தப் பதிப்பு இருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள். விற்பவர் தாமாகச் சொல்லமாட்டார், ஏனெனில் அவரிடம் கைவசம் இருப்பது வேறாக இருக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தத் தள்ளுபடிதான். தேங்கிய சரக்கைத் தள்ளிவிடுவதற்கு, ‘அகலமான டயர்’ என்பதைப் போல எளிதில் எடுபடும் பேச்சு வேறில்லை. பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. சில டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அடுக்கியிருக்கும் டயரைப் புரட்டிக் காட்டத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். பளபளவென்ற கருமையையும் நம்பாதீர்கள், அது பூச்சாக இருக்கலாம். பள்ளங்களின் அடியிலும் பக்கச்சுவரிலும் மயிரிழை வெடிப்புகள் உள்ளனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வாங்குபவர் உயிரைப் பணயம் வைக்கும் ஒரு பொருளின் வயதை இப்படிப் புதிர் போல அச்சிட அனுமதித்திருப்பது ஏன் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் கார் டயர்களுக்கு, ஈரச்சாலைப் பிடிமானத்தின் தரத்தைக் காட்டும் அட்டை கட்டாயம். இரண்டே சக்கரங்களில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் டயர்களை அந்த விதி சேர்த்துக்கொள்ளவே இல்லை. அதனால்தான் வாய்ப்பேச்சை நம்பி வாங்க வேண்டியிருக்கிறது.

முன் டயரைப் பற்றி அவர் சொன்னது முழுப் பொய் அன்று. முன், பின் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே என் பொதுவான அறிவுரை, ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு. பின் டயர் பெரும்பாலும் முன்டயரைவிட விரைவில் தேயும் என்பதால், முன் டயரில் பாதிக்கு மேல் வரிப்பள்ளம் இருந்து, ஐந்து ஆண்டுகளுக்கு உட்பட்டதாகவும், நீங்கள் வாங்கும் பின் டயரின் அதே மாடல் வரிசையைச் சேர்ந்ததாகவும் இருந்தால், பின் டயரை மட்டும் மாற்றலாம். அந்த வரிசை நின்றுபோய் அடுத்த வரிசை வந்திருந்தால், இரண்டையும் ஜோடி சேர்க்கலாம் என்று டயர் நிறுவனமே அறிவித்திருக்க வேண்டும். விற்பவரின் சொல் போதாது. இவையெல்லாம் பொருந்தினாலும் ஒரு சோதனை மீதி இருக்கிறது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் டயரின் ஓரப் பட்டைகள் மீது உள்ளங்கையை ஒரு திசையில் வருடி, பிறகு எதிர்த்திசையில் வருடுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் போலவும் தட்டுப்பட்டால், பள்ளம் எவ்வளவு மீதி இருந்தாலும் அந்த டயர் சீரின்றித் தேய்ந்துவிட்டது. அதையும் சேர்த்தே மாற்றுங்கள்.

காற்றழுத்தத்தை, ஓட்டுவதற்கு முன்பு, டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். தனியாகச் செல்வதற்கும் இருவர் பெட்டிகளோடு செல்வதற்கும் கையேட்டில் வேறுவேறு அளவுகள் இருந்தால், உங்களுக்கு உரியது இரண்டாவது. வழியில் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டுவது இயல்பே. அதைப் பார்த்து எவரேனும் காற்றை இறக்க முன்வந்தால் தடுத்துவிடுங்கள்.

புதிய டயரைப் பொருத்தியதும் சுழற்சித் திசையைக் காட்டும் அம்புக்குறி சரியாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். முதல் 150 கிலோமீட்டர் வரை திடீர் முடுக்கமும் அழுத்தமான பிரேக்கும் வேண்டாம். வளைவுகளில் சாய்வையும் சிறிது சிறிதாகவே கூட்டுங்கள். பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருப்பார்கள் என்பதால், செயின் உள்ள வண்டியாக இருந்தால் அதன் தொய்வையும் மறுநாள் ஒருமுறை அளந்துவிடுங்கள்.